ஆகாருக்கு நாற்பது பக்கம்

வருங்கால டாக்டர் அவர்களுக்கு,

நேரில் கேட்டால் மேற்கோள் காட்டிச் சமாளிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் ஆய்வை டைப் செய்து முடித்துவிட்டேன். யூதர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் மூவரும் ஆபிரகாமின் குடும்பக் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதானே தலைப்பு? மனைவி சாராளுக்கு ஒரே பக்கம். ஆபிரகாமுக்கு மகனைப் பெற்று, அவனோடு பாலைவனத்துக்குப் போன பணிப்பெண் ஆகாருக்கு நாற்பது பக்கம். அந்தப் பையன் தாகத்தில் அழுவதைப் பெற்றவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நமக்குப் பிள்ளை இல்லையே, எங்கே கற்றீர்கள்?

சனிக்கிழமை ஆனால் நம் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து மேரு ஊருக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். கேட்டால், ஓர் இஸ்லாமிய சமய ஆசிரியரைச் சொல்கிறீர்கள்: "உஸ்தாஸ் ஒருத்தர பேட்டி எடுக்கப் போறேன் லா."

போன வாரம் கார் பின்சீட்டில் டைனோசர் படம் போட்ட தண்ணீர் போத்தல் கிடந்தது. "ஸ்டூடண்டோடது லா" என்றீர்கள். நீங்கள் பாடம் எடுப்பது பல்கலைக்கழகத்தில்.

சாராளின் அந்த ஒரு பக்கத்திலும், 'ஆகாரையும் மகனையும் துரத்திவிடும்' என்று அவள் சொன்னது மட்டும்தான் இருக்கிறது. நான் அப்படிச் சொல்லப்போவதில்லை.

போத்தலைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, காரிலேயே வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை முன்சீட்டில் நான் உட்காருவேன்.

இப்படிக்கு,
ஒரே பக்கம் கிடைத்தவள்