நடைவழியில் மாட்டிய மீட்டர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் விட்டது, கோபம்தான் விடவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன், பதறாதே.

நான் வேலை பார்க்கும் நிலத்தடிக் கல்லறையின் உள்ளறைச் சுவரில், கையில் பறவையோடு நிற்கும் பெண்ணின் ஓவியம் இருக்கிறதே, அவள் முகமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. இத்தனை நூற்றாண்டு தாங்கியவளுக்கு என் காலத்திலா இப்படி ஆகவேண்டும்! தினமும் காலையில் ஈரப்பதம் குறிப்பது நான்தான். என் நோட்டில் எண் ஏறவே இல்லை, அப்படியானால் பார்க்க வருபவர்களுக்குச் சுற்றிக்காட்டும் பெண்தான் பகலில் அளவுக்கு மேல் ஆட்களை உள்ளே விட்டிருக்கிறாள், அவர்கள் மூச்சில்தான் சுவர் வியர்த்திருக்கிறது என்று, அவள் தலையில் பழியைப் போட்டுவிட்டார் அதிகாரி. திங்கட்கிழமை விசாரணை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அப்படிச் செய்வேனாக்கா? நீங்களாவது சொல்லுங்கக்கா" என்று அழுதாள்.

உள்ளறைக்குள் போகத் தவழ வேண்டும். எட்டு மாதமாக என் முட்டி மடங்கவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் நல்லாயிருக்கு என்று சொன்னேனே, அதெல்லாம் சும்மா. அங்கே மாட்டியிருந்த ஈரப்பத மீட்டரைக் கழற்றி நடைவழி ஆணியில் மாட்டிவிட்டேன், நாலடி தள்ளினால் என்ன குடிமுழுகிவிடும் என்று. நடைவழியில் கதவிடுக்கு வழியாகக் காற்று வரும், உள்ளே ஈரம் ஏறினாலும் எண் ஒழுங்காகத்தான் இருக்கும். மீட்டர் எங்கே இருக்கிறது என்று என்னைத் தவிர யார் பார்க்கிறார்கள்? பூஞ்சையைப் பார்த்து ஓவியம் துடைப்பவர் கத்தினாரே, அன்றைக்கு யாருக்கும் தெரியாமல் தவழ்ந்துபோய்ப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். அன்றைக்கு மட்டும் முட்டி எப்படி மடங்கியது பார்! அதை நினைத்தால்தான் அசிங்கமாக இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "ஓய்வுக்கு அஞ்சு மாசம்தான் இருக்கு, வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். ரெண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். முடியவில்லையப்பா. இன்று காலை அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மனுஷன் திட்டக்கூட இல்லை, படித்துவிட்டுக் கையை நீட்டினார், கல்லறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே நின்றிருந்த அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரெண்டு பேரும் நூறு வயது நல்லபடியாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. அம்மா ஏன் வேலைக்குப் போவதில்லை என்று மருமகள் கேட்டால், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடாதே. நடந்ததைச் சொல்.

உன் அம்மா