கதவுக்கு அந்தப் பக்கம் உன் அம்மா

அன்புச் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் சௌக்கியம், நீ முழுசாகத் தேறினாய் என்று கேட்டால்தான் அந்தச் சௌக்கியம் உடம்பில் ஒட்டும். வயிற்றுப் பிள்ளையோடு சின்னம்மை வந்துவிட்டது என்று நீ போனில் அழுதபோது போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இது உன் கைக்கு வருவதற்குள் கொப்புளமெல்லாம் காய்ந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். "அம்மா இருந்தா கேட்டிருப்பேன்" என்று அவனிடம் சொன்னாயாம். அவள் இடத்தில் நான்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் நீ வயிற்றில் இருந்தபோது அவளுக்கும் இதே அம்மைதான் வந்தது.

அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்றாம் மாடியில் இரண்டே அறை, எனக்கு பேக்கரியில் அடுப்பு வேலை, அவளுக்குத் தையல் கூடத்தில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா போடும் வேலை. இரண்டு பேரும் கூச்சக்காரர்கள், சாப்பிட்டாச்சா, ஆச்சு, அதோடு பேச்சு முடிந்துவிடும். பக்கத்து மெஷின்காரம்மாவிடமிருந்து அவளுக்கு அம்மை ஒட்டிக்கொண்டது. எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை என்று தெரிந்ததும் டாக்டரம்மா, அவள் இருக்கும் அறைக்குள் கால் வைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே அம்மை கண்ட உன் பெரியம்மா வந்து கூட இருந்தாள். நான் வேலை முடிந்து வந்து கதவுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். முதல் நாள் என்ன பேசுவதென்று தெரியாமல் அன்றைக்கு ரொட்டி கருகி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னேன், உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. முகம் பார்க்காததால் கூச்சம் விட்டுப்போய்விட்டது போல. அவள் நீச்சல் கற்கப் போய்ச் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தது, நான் பள்ளிக்கூட மேடையில் பாட்டை மறந்து அழுதது என்று எல்லாமே அந்தக் கதவு வழியாகத்தான் தெரிந்துகொண்டோம். அரிப்பு தாங்காதபோது "எதையாவது பேசிட்டே இருங்க, கை சும்மா இருக்கும்" என்பாள். பெரியம்மா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவாள்.

பிறகு ஒரு சாயங்காலம் அவள் பேச்சு அறுந்து அறுந்து வந்தது, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கியது. இருமலைத் தலையணையில் அமுக்கி மறைத்திருக்கிறாள், நான் பயந்துவிடுவேனாம். டாக்டரம்மா சொன்னதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று, கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். முகமெல்லாம் கொப்புளம். "வராதீங்க" என்று கையை ஆட்டினாள். போர்வையோடு தூக்கிக்கொண்டு மாடி இறங்கி, தெருவில் நின்ற எங்கள் பேக்கரி வேனில் நானும் பெரியம்மாவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நுரையீரல் வரை போய்விட்டது, விடிந்து வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா அதை முடிக்கவில்லை. ஊசி, ஆக்சிஜன் என்று ஒரு வாரம் போயிற்று, ஒருவழியாகத் தேறினாள். வீட்டுக்கு வந்த அடுத்த வாரமே எனக்கு அம்மை போட்டது. அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு "எனக்கு வந்து போயாச்சு, இப்ப நீங்கதான் நல்லா மாட்டினீங்க" என்று சிரித்தாள். அந்த நாட்களை அரிப்போடு சேர்த்துத் திருப்பித் தந்தாலும் வாங்கிக்கொள்வேன்.

அதனால் சொல்கிறேன், நீயும் எதையும் மறைக்காதே. இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால், குழந்தை அசைவு குறைந்தால், காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், நீயாக எந்த மாத்திரையும் வாங்கி விழுங்காதே. மாப்பிள்ளை ஹாலில் படுத்திருக்கிறாராமே, கதவருகில் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொல்.

நீ பிறந்ததும் நர்ஸ் உன்னை என் கையில் கொடுத்தபோது மேலிருந்து கீழ் வரை உன் தோலைத்தான் பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. உன் அம்மா படுத்தபடியே "தோல் இருக்கட்டும், மூக்கைப் பாருங்க, அப்படியே உங்களுது, அதுக்கு எந்த டாக்டரும் மருந்து தரமாட்டாங்க" என்றாள். அதைக் கேட்டு நர்ஸ் சிரித்துவிட்டாள், எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

தாயும் பிள்ளையும் வேறு வேறாகி நல்லபடியாக இருக்க வாழ்த்தும்,
உன் அப்பா

டாக்டரிடம் அடுத்துப் போகவேண்டிய தேதியைத் தள்ளிப்போடாதே.