பாதி கூட்டிய களம்

இன்று பிற்பகல் நம் ஊரில் மழை. மழை என்றால் சும்மா இல்லை, பஸ் ஸ்டாண்டில் படகு விடலாம். சரி, உன்னிடம் எதற்குப் பொய், தூறல்தான். மருமகள் மொட்டைமாடியில் கொத்தமல்லி விதை காயப்போட்டிருந்தாள். எட்டயபுரம் பக்கத்துப் புது மல்லி. நான் சாக்கை எடுத்துக்கொண்டு படியேறுவதற்குள் நனைந்துவிட்டது. நனைந்த மல்லியின் வாசம் மூக்கில் ஏறியதும் சாக்கைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, மழையில அங்கன என்ன செய்யுதீய?" என்று அவள் கீழேயிருந்து கத்தினாள். உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் பயந்துவிடுவாள். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்தவனின் எழுத்து, பொறுத்துக்கொள். "நீ எங்கலே குடுத்தே, பள்ளிக்கூடம்லா ஒனக்குக் குடுத்துச்சு" என்பாய். சொல்லு, சொல்லு. அதைக் கேட்கத்தானே ஆள் இல்லாமல் இருக்கிறேன்.

நீ லேத்துப் பட்டறையில் இரும்பு கடைந்துகொண்டிருந்தாய். நான் கடைத்திறப்பு, கோயில் கொடை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் மைக் பிடிப்பவன். ஊருக்குக் கேபிள் டி.வி. வந்த புதிது. மெயின் ரோட்டில் டி.வி. விற்கும் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோமே, நினைவிருக்கிறதா? எந்த நாட்டுக்காரனோ, நாலு சக்கரம் வைத்த பலகையில் நின்றபடியே படிக்கட்டுக் கைப்பிடிமேல் சறுக்கி இறங்கினான். அதுதான் அவனுக்குத் தொழிலாம், தெருவில் சறுக்குவது. நான் வாயைப் பிளந்துகொண்டு ஆளைப் பார்த்தேன். நீ சக்கரத்தைப் பார்த்தாய்.

"சின்ன பேரிங்குதாம்லே. பழைய மோட்டார்ல கெடக்கும்."

பத்தே நாள். ஒடிந்த மாட்டுவண்டியின் பலகை ஒன்று, நைலான் உருளையைக் கடைந்து நாலு சக்கரம், மோட்டாரிலிருந்து பேரிங்கு. பைபாஸ் ரோட்டில் ஒரு மாதம் விழுந்து எழுந்தாய். முழங்கையில் தோலே இல்லாமல் பட்டறைக்குப் போனாய். பிறகு ஒரு நாள் விழவில்லை. அன்று நீ என்னைத் தாண்டிப் போன வேகத்தில் என் வேட்டி பறந்தது. இது மட்டும் கலப்பில்லாத உண்மை, நீயே பார்த்தாய்.

முதல் சவாரியை நான்தானே பிடித்துக்கொடுத்தேன். ஜவுளிக்கடை முதலாளியிடம் போய் நின்றேன். "அண்ணாச்சி, தெறப்பு விழாவுக்கு நம்ம ஆளு பலகையில பறந்து வருவான். முதுகுல ஒங்க கடைப் பேரு. கூட்டம் தன்னால வரும்."

"வுழுந்துட்டாம்னா? கடைப் பேரும்லா சேந்து வுழும்?"

"வுழுந்தா இன்னும் கூட்டம் வரும், அண்ணாச்சி."

நீ விழவில்லை. அதன்பிறகு மூன்று வருஷம் பட்டறை பாதி, பலகை பாதி, அதுதான் உனக்குப் பிழைப்பு. இந்தியாவிலேயே பலகையில் நின்று சோறு தின்ற முதல் ஆள் நீதான் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். இல்லை என்று நிரூபிக்க இதுவரை ஒருத்தனும் வரவில்லை.

கொடை விழாக்களுக்குக் கிராமத்தில் கூப்பிட ஆரம்பித்ததும்தான் சிக்கல். கரிசல் மண்ணில் சக்கரம் எங்கே ஓடும்? கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு, மழையில் சக்கரத்தோடு அப்பிக்கொள்ளும் சேறு. எந்த ஊருக்குப் போனாலும் நமக்குக் கிடைத்தது சிமெண்டுக் களம் ஒன்றுதான். சோளமும் கம்பும் உளுந்தும் அடித்துக் காயப்போடுகிற களம். தானியம் ஒன்று சக்கரத்தடியில் மாட்டினால் பலகை நின்றுவிடும், ஆள் போய்க்கொண்டே இருப்பான். அதனால் நமக்குள் ஓர் ஒப்பந்தம். பலகை உன் பாடு. துடைப்பம் என் பாடு.

"நீ என்ன வேணும்னாலும் பேசுலே. ஆனா மொதல்ல கூட்டு" என்பாய்.

கூட்டுவேன், பிறகு பேசுவேன். "ஜப்பான், சிங்கப்பூர் நாடுகளில் பதக்கம் வென்று திரும்பியிருக்கும் நமது வீரர்" என்பேன். நீ சாத்தூரைத் தாண்டியதில்லை. எப்போதும்வென்றான் கிராமத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் உன்னைத் தேடி வந்தாரே. "தம்பி, ஜப்பான்ல ஆட்டுக்குப் புல்லு உண்டுமா?"

"நெறைய உண்டு, அண்ணாச்சி. ஆடுதான் கம்மி" என்றாய். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போன பிறகு என் பக்கம் திரும்பினாய். "நீ ஜப்பான்னு சொல்லிட்டுப் போயிருத. நான்லா புல்லு வளக்க வேண்டியிருக்கு."

இனி அந்தச் சாயங்காலம். இத்தனை வருஷம் மைக்கில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நாகலாபுரத்துக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊர். மாசி மாதக் கொடை. டயர் கம்பெனி ஒன்றுக்கு ஊர் ஊராக விளம்பரம் செய்கிறவர் மெட்ராஸிலிருந்து உன்னைப் பார்க்க வந்திருந்தார். பிடித்துப்போனால் தமிழ்நாடு முழுக்க ஓட்டம், வருஷம் பூராவும் வேலை. பட்டறையில் சொல்லிவிட்டே வந்தாய், இனி வரமாட்டேன் என்று. சாய்த்து வைத்த மரச்சரிவில் ஏறிப் பறந்து வரிசையாக வைத்த ஐந்து குடத்தைத் தாண்ட வேண்டும். வெறுங்குடம் போதும் என்றாய். நான்தான் கெத்துக்காக நிறைகுடம் என்று அறிவித்தேன். அந்த வறண்ட ஊரில் ஐந்து வீட்டுப் பெண்கள் உனக்காகத் தண்ணீரோடு குடத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

களத்தில் மத்தியானம்வரை மல்லி கிடந்தது. அள்ளிக்கொண்டு போனதும் துடைப்பத்தை எடுத்தேன். நடுக்களம்வரை கூட்டியிருப்பேன். அதற்குள் சவுண்டு செட்டுக்காரன் "அண்ணே, மைக்கு ரெடி" என்று நீட்டினான். வாங்கினேன். கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. அவ்வளவுதான், துடைப்பம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

நீ கிழக்கோரத்திலிருந்து கிளம்பி வந்தாய். ஓடி ஏறி, உதைத்து, வேகம் பிடித்து. பாதிக் களம் தாண்டும்வரை சத்தம் பட்டுப்போல இருந்தது. பிறகு ஒரு 'கிறீச்'. பலகை நின்றது. நீ குடத்துக்குள் போய் விழுந்தாய். கால் மடங்கிய சத்தம் என் மைக்கிலேயே கேட்டது என்று நினைக்கிறேன். தண்ணீர் களமெல்லாம் ஓடியது. கூட்டாத பாதியில் கிடந்த மல்லியெல்லாம் நனைந்து, அந்த வாசம்.

நான் என்ன செய்தேன்? மைக் கையில் இருந்தது. "பாவிப்பய நாய் குறுக்க வந்துட்டுதே!" என்றேன்.

நாயே இல்லை. ஆனால் ஊர் நல்ல ஊர். "ஆமா, செவலை நாய்" என்றார் ஒருவர். "வடக்க ஓடுது, பிடிங்கலே!" என்று நாலு பேர் கம்போடு ஓடினார்கள். குடத்துக்காரி ஒருத்தி தன் தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை, முந்தானையைக் கிழித்து உன் காலில் கட்டினாள். மெட்ராஸ்காரர் "பாவம்" என்றார், காரில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நீ கையை மூடி நீட்டினாய். விரித்தால், இரண்டாகப் பிளந்த ஒரு மல்லி விதை. சக்கர இடுக்கிலிருந்து எடுத்தது.

"இந்த நாய் ரொம்பச் சின்னதா இருக்கேலே" என்றாய்.

என் ஆயுளில் பேச்சு வராமல் நின்றது அந்த ஒரு தடவைதான். நீதான் பேசினாய். "நாய்னே இருக்கட்டும். ஒனக்கு அதுதான் நல்லா வருது."

கால் எலும்பு ஒரு விரற்கடை குட்டையாகக் கூடிவிட்டது. பட்டறைக்கே திரும்பினாய், அங்கேயே முடித்தாய். இத்தனை வருஷமும் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்து தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, "மாமாவ நாய்க் கதை சொல்லச் சொல்லுங்க" என்பாய். என் நாய் வருஷா வருஷம் வளர்ந்தது. முதலில் நாய், பிறகு கன்றுக்குட்டி உயரம், கடைசியில் குதிரை. நீ காலை நீட்டி உட்கார்ந்து, "வாலு எவ்வளவு நீளம்லே?" என்று கேட்பாய். நானும் கை விரித்துக் காட்டுவேன். ஒரு தடவையாவது, "நாய் இல்லலே, நான்தான் கூட்டல" என்று சொல்லியிருக்கலாம். நீ வாலைக் கேட்கும் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது.

இந்தப் பொங்கலுக்குப் பிள்ளைகள் நாய்க் கதை கேட்டார்கள். "ஒரு செவலை நாய்" என்று ஆரம்பித்தேன். வால்வரை வந்தேன். வாலின் நீளத்தைக் கேட்க ஆள் இல்லை. தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து போய்விட்டேன்.

உன் மனைவி உன் பலகையை என்னிடம்தான் கொடுத்தாள். "அண்ணாச்சி, இத நீங்க வச்சிக்கிடுங்க. கதை சொல்லும்போது காட்டலாம்லா" என்றாள். அவளுக்கும் நீ நாய் என்றே சொல்லியிருக்கிறாய்.

தூறல் விட்டுவிட்டது. மருமகள் வந்து நனைந்த மல்லியை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். நான் துடைப்பம் எடுத்தேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, தண்ணீர்க் குழாயின் அடிவரை, விரலால் தடவிப் பார்த்துப் பார்த்துக் கூட்டினேன். ஒரு விதை இல்லை. உன் பலகையைக் கொண்டுவந்து நடுவில் கவிழ்த்து வைத்து ஒரு சக்கரத்தைச் சுண்டிவிட்டேன். பேரிங்கு இன்னும் பட்டுப்போலத்தான் ஓடுகிறது.

வாய் திறக்காமல் நின்றேன். முழுக்கக் கூட்டிவிட்டேன்லே. வா.