அத்தாவின் சுண்டுவிரல்

ராஜபாளையம்
வெள்ளிக்கிழமை மதியம்

அன்பு மகள் சப்ரீனுக்கு அம்மாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையால் நானும் அத்தாவும் உன் தம்பி அன்சாரும் இங்கே சுகம், அந்தக் குளிர் ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் நானும் அழுது, இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு போனை வைத்துவிடுகிறோம், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. அதனால் இதை எழுதி, அன்சாரிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். என் கையெழுத்தைக் கேலி செய்யாமல் கடைசி வரைக்கும் படி.

முதலில் நல்ல செய்தி. அத்தா முந்தாநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கால் சுண்டுவிரல் போனது போனதுதான், ஆனால் பாதம் தப்பிவிட்டது. புண் சிவப்பாகச் சதை பிடித்து வருகிறது, அந்தப் பச்சை நிறமும் வாடையும் போன இடம் தெரியவில்லை. செருப்பு ஒரு பக்கம் நழுவுகிறது என்று குறை சொல்கிற அளவுக்குத் தேறியாகிவிட்டது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எம்மக ஜெர்மனியில கண்ணாடிக் குப்பியில வளக்குற கிருமிய நான் கால்லயே வளத்துட்டேன்ல" என்று ஒரே பெருமை.

எப்படி வந்தது என்று நீ கேட்கும்போதெல்லாம் அத்தா மழுப்பினார்கள் இல்லையா, நான் சொல்கிறேன் கேள். சத்திரப்பட்டி தறிக்கூடத்தில் நூல் சுற்றிய பாவு உருளை காலில் விழுந்து விரல் நசுங்கியது. மருந்துக்கடை இரண்டு கடை தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் பேண்டேஜ் துணி நெய்கிறவரே கடையில் போய்ப் பேண்டேஜ் வாங்கினால் சத்திரப்பட்டியே சிரிக்குமாம், தறியில் ஓடிக்கொண்டிருந்த காடாத் துணியில் ஒரு முழம் கிழித்துக் கட்டிக்கொண்டார்கள். சலவைக்கும் போகாத, நீராவியிலும் வேகாத துணி. அது காய்ந்து ஒட்டிக்கொள்கிறது என்று தொட்டித் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஈரமாகவே வேறு வைத்திருந்தார்கள். நான் சத்தம் போட்டதற்கு, "ஏட்டி, ஊருல உள்ள புண்ணுக்கெல்லாம் நம்ம துணிதான், எங்காலுக்கு மட்டும் ஆகாதோ?" என்று என்னையே மடக்கினார்கள்.

அன்றைக்கு வீடியோவில் அந்தக் கட்டைப் பார்த்ததும் உன் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். வாடை எப்படி என்று கேட்டாய், கனிந்த திராட்சை மாதிரி என்றேன், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கண்ட கேப்சூலை விழுங்காமல் சீழை எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள் என்று கத்தினாய். உன் அத்தாவோ பல்வலிக்கு வாங்கி மிச்சமிருந்த கேப்சூலை அதற்கு முன்பே விழுங்கிக்கொண்டிருந்தார்கள். சோதனையில் நீ சொன்ன அதே சூடோமோனாஸ் கிருமி, சாதாரண மருந்து எதற்கும் மசியாத ரகம். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தண்ணீரிலும் ஈரத்திலும் சும்மா கிடக்குமாம், திடமாக இருக்கிறவர்களை அனேகமாக ஒன்றும் செய்யாதாம், தோல் கிழிந்து, சர்க்கரை ஏறி, உடம்பு அசந்த நேரம் பார்த்து நுழையுமாம். நுழைந்ததும் கூட்டம் சேர்ந்து மேலே ஏடு மாதிரி ஒன்றைப் போர்த்திக்கொள்ளுமாம், மருந்து உள்ளே இறங்காதாம். கழுவாத குடத்தின் உட்புறம் வழுக்குமே, அப்படி என்று நான் புரிந்துகொண்டேன். அத்தாவுக்குக் கிருமி வந்ததைவிட உடம்பு அசந்துவிட்டது என்று சொன்னதில்தான் கோபம். "நான் என்ன நோஞ்சானா, இப்பவும் பாவு உருளைய ஒத்தக் கையில தூக்குவேன்" என்றார்கள். "அப்படித் தூக்கித்தானே கால்ல போட்டீங்க" என்று அந்தம்மா கேட்டதும் வார்டே சிரித்தது. சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது எங்களுக்கே அப்போதுதான் தெரியும். இதில் உன் சின்னம்மா நஸீபா பார்க்க வந்தவள் பால்கோவா வாங்கி வந்துவிட்டாள், நர்ஸுகள் சாப்பிட்டு நன்றாக இருந்தது என்றார்கள். கட்டு மாற்ற நர்ஸ் புதுப் பாக்கெட்டைப் பிரித்தால், அந்த வலியிலும் உன் அத்தா கை நீட்டித் துணியை நெருடி, "இது நம்ம பக்கத்து நெசவு" என்கிறார்கள். அந்தப் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு, கை பட்டுவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பாக்கெட் பிரித்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இத்தனை வருஷம் இந்தக் கிருமியையே படித்தும் அத்தா விரலைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ டிக்கெட் போட்டுவிட்டாய். நீ அன்றைக்கு வாடையைக் கேட்டிராவிட்டால் பாதமே போயிருக்கும் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார், அதை முதலில் மனதில் வை. இன்னொன்றும் இருக்கிறது. அத்தாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் தளவாய்புரத்து விஜயபாண்டி என்று ஒரு பையன், பைக்கில் விழுந்து தொடையில் கம்பி வைத்த இடத்தில் இதே கிருமி. அத்தாவுக்குக் கேட்ட ஊசி அவனுக்குக் கேட்கவில்லை. வேறொன்று போட்டுப் பார்க்கிறார்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்குமோ என்று பயந்து பயந்து போடுகிறார்கள். நாங்கள் கிளம்புகிற அன்று அவன் பெண்டாட்டி மாரிச்செல்வி வாசல் வரைக்கும் வந்து, "ஒங்க பொண்ணு இதுக்கு எப்பண்ணே மருந்து கண்டுபிடிக்கும்?" என்று கேட்டாள். அத்தா நழுவின செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்கள். பொறவு, "எப்பன்னு தெரியாதும்மா. ஆனா எம்மக அந்த வேலையாத்தான் இருக்கா, பாதியில விட்டுட்டு வர மாட்டா" என்றார்கள். அவள் உள்ளே போய்ப் புருஷனிடம் அதை அப்படியே சொன்னாள், என் காதில் விழுந்தது. நீ டிக்கெட் போட்டது அத்தாவுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை.

உன்னைப் பார்க்க எனக்கு எம்புட்டு ஆசை என்று உனக்குத் தெரியும், உன் தலையணை உறையைக்கூட நான் இன்னும் மாற்றவில்லை. ஆனாலும் சொல்கிறேன். உன் கைக்கும் கண்ணுக்கும் அறிவுக்கும் ஆண்டவன் பலம் தரட்டும், எடுத்த வேலையில் பரக்கத் செய்யட்டும். அந்த டிக்கெட்டை இன்றைக்கே ரத்து செய்துவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு. பெருநாளைக்கு வா. லீவு போட்டு வா, விட்டுவிட்டு வராதே.

உன் வரியை எதிர்பார்த்து,
அம்மா ஹாஜரா