காப்புக் கட்டிய பத்து நாள்

அண்ணே,

இன்று காலையில் ஐஸ்பெட்டி ஓடாமல் நின்றுவிட்டது. உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுத் துடைத்தபோது, கதவில் முட்டை வைக்கும் தட்டுக்கு அடியில் உன் மாத்திரை அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பதினோரு மாத்திரை பாக்கி. நம் காஹாங் ஊர் வெயிலில் கெட்டுவிடும் என்று நான்தான் அங்கே வைத்தேன். மூன்று வருடமாக அதன் மேலேயே முட்டையை வைத்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். குப்பையில் போடக் கை வரவில்லை. மேசையில் வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அண்ணி உன் குடி தாங்காமல் யோங் பெங்கில் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்ட பிறகு நீ என் வீட்டுப் பின்னறைக்கு வந்தாய். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற கை, காலையில் சம்சு சாராயம் உள்ளே போகும்வரை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்காது. உன்னைத் திட்டாத வார்த்தை என் வாயில் பாக்கியில்லை. ஒருநாள் உன் போத்தலைச் சாக்கடையில் ஊற்றினேன். நீ என்னை அடிக்க வருவாய் என்று நினைத்தேன். சாக்கடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து அழுதாய். இது கொழுப்பு இல்லை, நோய் என்று அன்றைக்குத்தான் எனக்கு லேசாகப் பட்டது. லேசாகத்தான். முழுசாகப் பட்டிருந்தால் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நடுக்கம் நிற்கும்வரை உன்னை ஒரு வாரம் வார்டில் வைத்திருந்தார்கள். அதன் பிறகுதான் இந்த மாத்திரை. தினம் ஒன்று. மலாய்க்கார டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்: இது குடியின் மேல் உள்ள ஆசையைக் குறைக்கும், தப்பித் தவறிக் குடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது, நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்துவதாக இருந்தால் முதலில் என்னைக் கேளுங்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். தலையாட்டுவதில் எனக்கு நிகர் யார்?

பதினைந்து நாள் கழித்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பாப்பா, தொண்டைக்குள்ள உக்காந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்லா ஒருத்தன், அவன் வாய மூடிட்டான்." காலையில் மாத்திரையை வாயில் போட்டு, விழுங்கியதற்குச் சாட்சியாக நாக்கை நீட்டிக் காட்டுவாய். "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்பாங்க. என் பேச்சு விடிஞ்சாதான் ஆரம்பிக்குது" என்று சிரிப்பாய். ஏழு மாதம். வாசல் கேட்டுக்குச் சாயம் அடித்தாய். அண்ணிக்குப் போன் போட்டுப் பேசினாய், அவளும் எடுத்துப் பேசினாள். தீபாவளிக்கு வருகிறேன் என்றாள்.

அப்போதுதான் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. குடிக்கிறவனுக்குக் காப்புக் கட்டமாட்டோம் என்பது நம் கோயில் சட்டம். அப்பா முதல் ஆளாகப் பூக்குழி இறங்கிய கோயிலில் நீ பன்னிரண்டு வருடம் வேலிக்கு வெளியே நின்றாய். இந்த முறை கோயில் தலைவரே வீட்டுக்கு வந்து, "உங்க அண்ணன் பேரு குடுக்கலாமா?" என்று கேட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உனக்காக மட்டும் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். நம்மைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்த சனத்துக்கு முன்னால் நீ மஞ்சள் வேட்டியில் நடக்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

காப்புக் கட்டும் அன்று பூசாரி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார், "இனிமே பத்து நாளைக்கு ஒடம்புல சாமி மட்டுந்தான் இருக்கணும்." மாத்திரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை நீ வழக்கம்போல் கையை நீட்டினாய்.

"வேணாண்ணே. காப்பு கையில இருக்கு."

"டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமா பாப்பா?"

"சாமிய விட டாக்டர் பெருசா? மாத்திர போட்டுத்தான் குடிக்காம இருக்கேன்னா அது என்ன விரதம்? மனசு வேணாமா ஒனக்கு?"

நீ கையை மடக்கிக்கொண்டாய். நாக்கில் வந்ததைப் பேசிவிட்டு நான் சாம்பிராணி போடப் போய்விட்டேன்.

பத்து நாளும் நீ நன்றாகத்தான் இருந்தாய். தலையில் பால்குடத்தோடு பூக்குழி இறங்கினாய். கால் கொப்பளிக்கவில்லை என்று ஊரே பேசியது. பார்த்தாயா, மாத்திரை இல்லாமலே என் அண்ணன் நின்றுவிட்டான் என்று எனக்கு ஒரே மிதப்பு.

மறுநாள் காப்பு அவிழ்த்ததும் கோயில் வாசல் முனியாண்டிக்குப் படையல். ஆட்டுக்கறி, சுருட்டு, சம்சு. படைத்த போத்தலிலிருந்து பூக்குழி இறங்கிய ஆண்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பது அப்பா காலத்து வழக்கம். அது சாராயமில்லை, பிரசாதம். அப்படித்தான் நாமெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். பூசாரி உன் முன்னால் கிளாசை நீட்டினார். நீ வாங்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினாய். நான் பெண்கள் வரிசையில் நின்றிருந்தேன்.

"என்ன பாப்பா, குடிக்கட்டா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சாமி குடுக்கிறது, வேணான்னு சொல்லாதண்ணே. ஒரு வாய்தானே" என்று தலையாட்டினேன்.

நீ குடித்தாய். கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். பிறகு கண்ணைத் திறந்தபோது என்னைப் பார்க்கவில்லை, போத்தலைப் பார்த்தாய்.

அதற்கு அப்புறம் நான் எத்தனை நாள் மாத்திரையும் தண்ணீருமாக உன் பின்னால் அலைந்தேன்! "மனசு வேணும்னியே, எனக்கு அது இல்ல பாப்பா, விட்டுரு" என்றாய். டாக்டரம்மா மறுபடி ஆரம்பிக்கலாம், கூட்டி வாருங்கள் என்றார். கூட்டிப் போகிற இடத்தில் நீ இல்லை. தோட்டத்து ஆட்கள் சேர்ந்து தங்கும் கொங்சி வீட்டுக்கே குடிபோய்விட்டாய். தீபாவளிக்கு முந்தின வாரம், காலை பத்து மணி இருக்கும், குலை ஏற்றும் லோரிக்காரர் பார்த்துச் சொன்னார். உன் மோட்டார் சைக்கிள் பாதை ஓரத்தில் கிடந்தது. நீ பாரிட்டு வாய்க்காலில் குப்புறக் கிடந்தாய். முழங்கால் அளவுத் தண்ணீர்தான், அண்ணே. நான் இறங்கிப் பார்த்தேன். முழங்கால் அளவுதான்.

அண்ணி வந்தாள். தீபாவளிக்கு வருகிறேன் என்றவள் அதற்கு முன்னாலேயே வந்தாள். சாவு வீட்டில் ஆளாளுக்குப் பேசினார்கள். சாமி ஒரு வாய்ப்புக் கொடுத்தது, படுபாவி திருந்தவே இல்லை என்றார்கள். தங்கச்சி எவ்வளவு பாடுபட்டாள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பழியை முழுக்க உன் தலைமாட்டில் வைத்து அனுப்பிவிட்டு மூன்று வருடம் நல்லவளாக நடமாடினேன்.

போன மாதம் மறுபடியும் திருவிழா. நம் தாமான் குடியிருப்பில் பின்வரிசை வீட்டுப் பையன் இருக்கிறானே, குளுவாங் பேக்டரியில் குடித்துவிட்டு வேலையை விட்டவன், அவனும் இப்போது இதே மாத்திரைதான். அவன் பெண்டாட்டி காப்புக்கு முன்னால் என்னிடம் வந்து, "அக்கா, பத்து நாளைக்கு மாத்திரைய நிறுத்தணுமா?" என்று கேட்டாள். நிறுத்தாதே என்றேன். காரணம் சொல்லவில்லை. அப்போதும் சொல்லத் தைரியம் வரவில்லை.

படையல் அன்று பூசாரி அவன் முன்னால் கிளாசை நீட்டினார். அவன் வாங்கலாமா வேண்டாமா என்று பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். நான் வரிசையை விட்டுப் போய் அந்தக் கிளாசைப் பிடித்துக்கொண்டேன்.

"அவனுக்கு வேணாம் பூசாரி."

"சாமி குடுக்கிறதும்மா."

"எங்கண்ணனுக்கும் சாமிதான் குடுத்துச்சு. குடின்னு சொன்னது நான். மாத்திரைய நிறுத்துனதும் நான். தெரிஞ்சுக்குங்க எல்லாரும்."

சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத பெரியம்மா என் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்து போனாள். அன்றிலிருந்து கோயிலில் என்னோடு பேசுகிறவர்கள் கொஞ்சம்தான். பேசாமலே போகட்டும், அது எனக்கு வரவேண்டியதுதான். அந்தப் பையன் குடிக்கவில்லை. நாளைக்குக் குடிப்பானோ என்னவோ, தெரியாது.

வேணாம் என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன், அண்ணே. நீ அத்தனை பேருக்கு நடுவில் என்னைத் தேடிப் பார்த்துக் கேட்டபோது அது என் வாயில் வரவில்லை.

உன் பாப்பா