மதில் மேல் பூனைக்குப் பொருள்

இன்று மத்தியானம் மெஷினிலிருந்து இறங்கிய தாளைக் கையில் எடுத்தேன். மை காயவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ்க் கையேடு, பெரிய ஆர்டர். எழுத்து எங்காவது உடைந்திருக்கிறதா, நிறம் மங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை, உட்கார்ந்து படிப்பது இல்லை. ஆனாலும் கண் போய் ஒரு வரியில் நின்றுவிட்டது. மரபுத்தொடருக்குப் பொருள் எழுதும் பகுதி. ‘மதில் மேல் பூனை: எந்தப் பக்கம் என்று முடிவெடுக்காத நிலை.’

அவ்வளவுதான் போட்டிருந்தார்கள். இரண்டு மதிப்பெண். பக்கத்து மெஷின்காரர், “என்னண்ணே, தப்பு எதுவும் இருக்கா?” என்று கேட்டார். “இல்ல, சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தாளை அடுக்கில் வைத்தேன்.

எனக்கு அந்தப் பேரை வைத்தவனே நீதான். டீயா காப்பியா என்று நான் யோசிப்பதற்குள் நீ இரண்டையும் சொல்லி, இரண்டையும் நீயே குடித்துவிடுவாய். ஒரு தடவை விருதுநகரில் வைத்து, மதுரைக்கு பஸ்ஸில் போவதா ரயிலில் போவதா என்று நான் யோசித்த யோசனையில் இரண்டுமே போய்விட்டது. ஜங்ஷன் வாசலில் நின்றுகொண்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “ஏலே, மதில் மேல் பூனைலே நீயி. பாவம், கீழ எலி எம்புட்டு நேரம்லே காத்துக்கிட்டு கெடக்கும்?” என்றாய். அதற்குப் பிறகு ஊரே என்னைப் பூனை என்றுதான் கூப்பிட்டது. எனக்கும் அதில் கோபம் இருந்ததில்லை.

அந்த வருஷம் என் வீட்டுக்காரி முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அச்சாபீஸ் சம்பளம் எனக்கு இழுபறிதான். நீ நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தாய். அங்கே வெடிமருந்து கலக்கும் அறையில் ஓர் ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டதாகவும், அந்த இடத்துக்கு என்னைச் சொல்லி வைத்திருப்பதாகவும் டீக்கடையில் வைத்துச் சொன்னாய். ஃபோர்மேன் வீட்டுக்கு மூன்று நடை நடந்திருக்கிறாய், எனக்காக.

“சம்பளம் கூடலே. புள்ள பொறக்கப் போகுது, யோசிக்காத. வாரியா, வரலையா?”

“காலண்டர் சீசன் முடியட்டும்லே” என்றேன்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். தீபாவளிக்கு அடைத்த கம்பெனியைப் பூசை போட்டுத் திறக்கிற அன்றைக்கு யார் எங்கே உட்காருகிறார்களோ, அந்த சீசன் முழுக்க அது அவர்கள் இடம். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் கிடையாது, ஆனால் யாரும் மீற மாட்டார்கள். பூசைக்கு நான் வரவில்லை. இடம் காலியாகக் கிடந்தால் வேறு ஒருவன் உட்கார்ந்துவிடுவான் என்று நீ போய் உட்கார்ந்தாய். “இது என் சேக்காளி எடம். அவன் வார வரைக்கும் நான் பாத்துக்கிடுறேன்” என்று ஃபோர்மேனிடம் சொன்னாயாம். இதையும் நீயேதான் பெருமையாக வந்து சொன்னாய்.

அதற்குப் பிறகு சாயங்காலம் தவறாமல் கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும், மருந்தில் கலக்கிற வெள்ளிப்பொடி அப்பிய கையை ஆட்டி, தெரு முனையிலிருந்தே சத்தம் போடுவாய்.

“என்னலே, பூனை எறங்கிருச்சா?”

“தை பொறக்கட்டும்லே.”

தை பிறந்தது. அப்போதும் நான் ஏதோ ஒரு சாக்கு சொன்னேன். என்ன சாக்கு என்று இப்போது ஞாபகம் இல்லை. நீ ஒரு நாள்கூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

அந்தக் காலையில் வெடிச் சத்தம் அச்சாபீஸ் வரைக்கும் கேட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். “எந்தப் பக்கம்?” என்று ஒருவர் கேட்டார். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், நாரணாபுரம் பக்கம் புகை என்றார். நான் மெஷினில் ஏற்றியிருந்த தாளை ஓட்டி முடித்தேன். முடித்து, அடுக்கி, கை கழுவிவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. அந்த மரப்பு இன்னும் விடவில்லை.

உன் வீட்டில் எல்லோரும் அழுதார்கள், நான் அழவில்லை. வந்தவர்கள் உன்னைப் பற்றிப் பேசியதைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். இவன் போக வேண்டிய இடமாம், ஆயுசு கெட்டி என்றார்கள். உன் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், “உங்களுக்குச் சட்டுன்னு முடிவெடுக்கத் தெரியாதது நல்லதாப் போச்சுண்ணே. நீங்களாவது தப்பிச்சீக.” மனசாரச் சொன்னாள். ஏசியிருந்தால் தேவலை.

முடிவெடுக்கத் தெரியாமல் இருந்தேனா நான்? உன்னிடம் இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ சுற்றுகிறேன். நீ கேட்ட அன்றைக்கே, அந்த டீ ஆறுவதற்குள்ளேயே முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பயம். அதைச் சொன்னால் நீ சிரிப்பாய் என்று வெட்கம். மூன்று நடை நடந்து வாங்கி வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லி உன் முகத்தை முறிக்கவும் மனசு வரவில்லை. யோசிக்கிறவன் மாதிரி இருப்பது எனக்குச் சுளுவாக இருந்தது. பேர்தான் ஏற்கெனவே இருக்கிறதே. நான் எப்போதோ அந்தப் பக்கம் குதித்துப் போய்ச் சுருண்டு படுத்துவிட்டேன். நீ மதிலையே பார்த்துக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்திருந்தாய். அந்தப் புத்தகத்தில் பூனையைப் பற்றி மட்டும் ஒரு வரி போட்டிருக்கிறார்கள். காத்திருக்கிறவனைப் பற்றி ஒன்றும் இல்லை.

இப்போது நான் எதற்கும் பட்டென்று பதில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு வருவாயா, கைமாத்து தருவாயா, ஓவர்டைம் பார்ப்பாயா, எதுவானாலும் உண்டு, இல்லை, அவ்வளவுதான். ஆள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிறார்கள். புதிதாக வந்த பையன்களுக்கு என் பழைய பேரே தெரியாது.

உன் வீட்டுக்காரி நோட்டு பைண்டிங்குக்குப் போகிறாள். மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போகிறேன். காப்பி குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, “எதுவும் சொல்ல வந்தீகளாண்ணே?” என்று கேட்பாள். “சும்மாதான் தாயி” என்று செருப்பை மாட்டிக்கொள்வேன். அவளிடம் என்றைக்காவது சொல்வேனா, தெரியவில்லை. எதற்கும் பட்டென்று பதில் சொல்கிறவனுக்கு அந்த ஒன்றை மட்டும் சொல்ல வரவில்லை.

உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். நீ நேராகக் கேட்டாய், நான் நேராகச் சொல்லவில்லை. நான் வரலைலே. எனக்குப் பயமா இருக்கு. அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்திரச் சொல்லு. நீ எந்திரிச்சு வந்துரு.