முப்பதாவது குரல்

பூச்சி உருண்டை மணக்கும் நீலக் கோப்பு ஒன்று என் மடியில் இருக்கிறது. உள்ளே முப்பது ஒப்புதல் படிவங்கள். இன்று காலை நம் ஆய்வு மேற்பார்வையாளர் போனில் கோல் எடுத்திராவிட்டால் இதை அலுமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கியிருக்க மாட்டேன். நான்கு வருடத்துக்குப் பிறகு எடுக்கிறார். சுகம் விசாரித்தார், எங்கே வேலை என்று கேட்டார், பிறகு விசயத்துக்கு வந்தார். நாம் சேர்த்த ஒலிப்பதிவுகள் ஏதாவது பழைய ட்ரைவில் கிடக்குமா என்று தெரிய வேண்டுமாம். உன் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. "மற்றப் பிள்ளை" என்றார். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். ஆனால் மறைக்க மாட்டேன், கோபத்தில் பாதி உன் மேல்.

பல்கலைக்கழகக் கடைசி வருட ஆய்வுக்கு அந்தத் தலைப்பைப் பிடித்தவள் நீ. கிளினிக்குக்கு போன் எடுத்துத் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் மென்பொருள். ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ் வேண்டாம், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சனங்கள் கதைக்கிற தமிழ் அதற்கு விளங்க வேண்டும் என்றாய். முப்பது பேரின் குரல் வேண்டும், ஆளுக்கு நாற்பது வசனம். அந்த ஒரு வருடத்தில் மேற்பார்வையாளர் நம்மோடு உட்கார்ந்து கதைத்தது நான்கே தரம். மற்றதெல்லாம் நடைபாதையில்தான். அவர் முன்னே போவார், நாம் சந்திப்புகளைப் பதிகிற லொக் புக்கைத் திறந்தபடி பின்னால் ஓடுவோம். நடக்காத சந்திப்புகளுக்கும் வருடக் கடைசியில் ஒரே இருப்பில் கையெழுத்துப் போட்டார். எல்லாம் ஒரே நாளில் போட்டது தெரியக்கூடாதென்று நான் மூன்று பேனைகளை மாறி மாறி நீட்டினேன். நீ வெட்கத்தில் சுவரில் ஒட்டியிருந்த பரீட்சை அட்டவணையைப் படித்துக்கொண்டு நின்றாய்.

குரல் சேர்க்கிற பொறுப்பு எனக்கு, கொட்டாஞ்சேனை என் ஊர் என்பதால். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை ஃபேனை நிற்பாட்டுவது. கதவு ஜன்னலைச் சாத்தி, ஆட்டோச் சத்தம் ஓயும்வரை பார்த்திருந்து, வேர்த்து விறுவிறுக்கப் பதிவு செய்தோம். எங்கள் ஒழுங்கையில் உடுப்புத் தைக்கிற முஸ்லிம் அக்கா, எல்லோருக்கும் ராத்தா, அவர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு அவர் அனுப்பிய குரல் செய்தி குடும்பக் குரூப் குரூப்பாகச் சுற்றி, அவர் கதைக்கிற விதத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். "எங்கட கொரல வச்சுக்கிட்டுப் பொறகு என்ன செய்வீங்க?" என்று கேட்டார். ஒன்றும் நடக்காது ராத்தா என்று நான் சமாளித்தேன். நீ என்னைத் தள்ளிவிட்டு அவருக்குப் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தாய்.

"ஆய்வு முடிஞ்ச உடன அழிச்சிடுவம் ராத்தா. ஒருத்தருக்கும் குடுக்க மாட்டம். நான் சொல்லுறன்."

படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. இனி வரும் ஆய்வுகளுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒன்று, முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று மற்றது. வழக்கமாக மாணவர்கள் முதலாவதில் தாங்களே சரி போட்டுவிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்குவார்கள். ராத்தா இரண்டாவதில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தார். நீ அன்றிலிருந்து வீடு வீடாக இரண்டையும் வாசித்து விளங்கப்படுத்தினாய். எல்லோரும் இரண்டாவதைத்தான் கேட்டார்கள்.

பிறகு என் பிழை. ஒரு வீட்டில் அறை ஃபேனை நிற்பாட்டி, விறாந்தை ஃபேனை மறந்துவிட்டேன். பதிவு முழுக்க ஒரே இரைச்சல். கண்டுபிடித்தபோது அந்த அண்ணன் வேலைக்குக் கட்டாருக்குப் போய்விட்டார். அறிக்கை கொடுக்க ஒரு கிழமைதான் இருந்தது. நீ என்னைத் திட்டவில்லை. என் அறைக்கு வந்து, ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு, மைக்கின் முன்னால் இருந்தாய். "அம்மாவுக்குச் சுகமில்ல, டொக்டர் இண்டைக்கு இருப்பாரோ?" என்ற கடைசி வசனத்தில் சிரிப்பு வந்து மறுபடி சொன்னாய். முடித்ததும் அந்த அண்ணனின் படிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு புதுப் படிவம் கேட்டாய். உனக்கு எதற்கு என்று கேட்டேன்.

"நானும் முப்பதில ஒராள் தானே," என்று சொல்லி, இரண்டாவது பெட்டியில் சரி போட்டாய்.

வைவாவுக்கு, அந்த வாய்மொழிப் பரீட்சைக்கு, ஐந்து நாள் இருக்க உனக்குக் காய்ச்சல். மழையில் நனைந்தது என்றாய். இரத்தம் சோதிக்கச் சொன்னேன், வைவா முடியட்டும் என்றாய். போர்வைக்குள் இருந்து ஸ்லைட் திருத்தி அனுப்பினாய், நானும் அதை வாங்கி எழுத்துப்பிழை பார்த்தேன். டெங்கு என்று தெரிந்தபோது ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்ய முடியாமல் போயிற்று, வைவாவுக்கு முன்பே நீ செத்துப்போனாய். ஒரு வைவா. அதைத் தள்ளிப்போட ஒரு கடிதம் போதும். இதை நினைக்கும்போதெல்லாம் உன்னையும் என்னையும் சேர்த்து அறைய வேண்டும்போல் இருக்கிறது.

தனியாகத்தான் போய் நின்றேன். மற்றவர் எங்கே என்று பரீட்சகர் கேட்டார். நான் வாய் திறக்கும் முன் மேற்பார்வையாளர் ஒரே வசனத்தில் உன்னை முடித்துவிட்டு, அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொன்னார். பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அந்த வருடத்தில் முதல் தடவையாகத் தேத்தண்ணி வரவழைத்தார். பதிவுகளைத் தந்தால் ஒரு கட்டுரை எழுதுவாராம், உன் பெயரை முதலில் போடுவாராம்.

"பேர் வந்தா அந்தப் பிள்ளையின்ட அம்மாவுக்கும் ஒரு ஆறுதல் தானே. ஃபோர்ம் எல்லாம் ஆர் பாக்கப் போறது?"

முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் ஒரு கிழமை தவணை கேட்டேன். உன் பெயர் அச்சில் வர வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். வெள்ளவத்தைக்குப் போய் உன் அம்மாவிடம் கட்டுரையையும் படிவங்களையும் பற்றிச் சொன்னேன். அவர், "பேர் வந்தா நல்லம்தான். அவள் என்ன சொன்னவள் பிள்ளை?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருபத்தொன்பதையும் அழித்தேன். முப்பதாவதில் கை ஓடவில்லை. இது ஒன்றை வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம் என்று உன்னோடு சண்டை பிடித்தேன். உன் படிவம் முன்னால் கிடந்தது, நீ போட்ட சரியோடு. ராத்தாவுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா என்று கேட்பாய். உன் குரலை ஒருமுறைகூடப் போட்டுக் கேட்காமல் அழித்தேன். கேட்டிருந்தால் அழித்திருக்க மாட்டேன்.

அழித்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் மேற்பார்வையாளர் விடவில்லை. நம் அறிக்கையிலிருந்த அட்டவணைகளை அப்படியே எடுத்துக் கட்டுரை போட்டார். நன்றி சொல்கிற இடத்தில்கூட நீயும் இல்லை, நானும் இல்லை. ராத்தா மட்டும் இன்றும் என்னைக் கண்டால், "அந்தக் கதிரையில வந்து இருந்த புள்ள" என்று உன்னைக் கேட்பார். உன் பெயர் அவருக்கும் தெரியாது, ஆனால் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது.

படிவங்களை மட்டும் நான் வைத்திருக்கிறேன். அவற்றில் குரல் இல்லை.

இன்று காலை அவரிடம், "இல்ல சேர், ஒண்டுமே இல்ல," என்று சொன்னேன். அது பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கும். உன் குரலை எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டு அந்த மனுசனுக்கு இல்லை என்று சொல்லியிருப்பேன். நீ எனக்கு அதைக்கூட மிச்சம் வைக்கவில்லை.